தோட்டாவுக்குக் கணக்குக் கேட்போம்

(மாதேஸ்வரன் மலையில் இரு மாநில எல்லையோரக் கிளைத் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்ட மக்களுக்கு இந்த மலை அயல் மாநிலத்து மலை அன்று. அமாவாசைக்கும் தீபாவளிக்கும் பாலாற்றைக் கடந்து குடும்பம் குடும்பமாக வந்து, மாதேஸ்வரனுக்கு முடி காணிக்கை செலுத்தித் திரும்புகிறவர்கள் அவர்கள். மலையடிவாரத்திலும் சுற்றிலும் உள்ள கோபிநத்தம், மார்ட்டள்ளி, ஊகியம், நல்லூர் ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் உழவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். காட்டுக்குள் சோளகர்கள் அவர்களுக்கும் முன்பிருந்தே வாழ்கிறார்கள். 1997 வரை இப்பகுதி மைசூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டமாக இருந்தது. இன்று சாமராஜநகர் மாவட்டம்.

இந்த மலையின் பெயரைக் கேட்டவுடன் கோயிலை நினைக்காமல் வேறோர் இடத்தை நினைத்து நடுங்குகிற மனிதர்களும் இருக்கிறார்கள். 1990களில் சிறப்பு அதிரடிப்படை இங்கே முகாமிட்டிருந்தபோது, பிடித்து வரப்பட்டவர்கள் விசாரிக்கப்பட்ட இடத்திற்கு 'ஒர்க்ஷாப்' என்று பெயர். பழுதான வண்டியைச் சரிசெய்யும் பட்டறையின் பெயர் மனித உடலை உடைக்கும் அறைக்கு வைக்கப்பட்டது. அந்த அறையைப் பற்றி மட்டும் பேசுவது இன்றைய நோக்கமன்று. இந்த மலையில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒன்று சட்டவிரோதமானது என்று சொல்லப்படுவது; மற்றொன்று அரசினுடையது. முதலாவதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் கணக்குக் கேட்கப்படுகிறது. இரண்டாவதற்கு ஏன் கேட்கப்படுவதில்லை என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

முதலில் ஒரு தெளிவு

வீரப்பனை வீரனாக்கும் பேச்சுக்கு நம்மிடையே இடமில்லை. 1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி சீனிவாஸ் கொல்லப்பட்டார். 1992 ஆகஸ்ட் 14 அன்று காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் மீண்யம் அருகே பதுங்கித் தாக்கப்பட்டு மாண்டனர். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் காவலர்களும் வனத்துறையினரும் மட்டுமல்ல, உடன் சென்ற எளிய கிராமத்தினரும் இருந்தனர். இவை கொடிய குற்றங்கள். இக்குற்றங்களைச் செய்தவர்களைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது அரசின் கடமை. அதில் நமக்கு மாறுபாடில்லை.

ஆனால் அந்தக் கடமையின் பெயரால் ஒரு மலையின் மக்கள் அனைவரும் குற்றவாளிகளாக நடத்தப்பட்டனர். அரிசி வாங்கிச் சென்றவர் கொள்ளையர்களுக்கு உணவு கொண்டு போனவரானார். காட்டில் மாடு மேய்த்தவர் உளவாளியானார். அதே நேரத்தில் சந்தன மரத்தையும் தந்தத்தையும் வாங்கி விற்றுச் செல்வம் சேர்த்த வணிகர்களையும், அவர்களுக்குத் துணைநின்ற அரசியல் செல்வாக்கினரையும் எந்த அதிரடிப்படையும் இத்தகைய அறையில் அடைக்கவில்லை. காட்டில் வெட்டியவனுக்குக் கிடைத்தது கூலி; நகரில் விற்றவனுக்குக் கிடைத்தது இலாபம். துப்பாக்கியோ கூலிக்காரனை நோக்கியே திரும்பியது.

ஒரே ஏப்ரல், ஒரே சட்டம்

தோழர்களே, 1993 ஏப்ரல் மாதத்தை நினைவில் கொள்ளுங்கள். பாலாறு வெடிப்பு நிகழ்ந்தது ஏப்ரல் 9. அடுத்த பத்தே நாட்களில், ஏப்ரல் 19 அன்று, பம்பாயில் இந்தித் திரைப்பட நடிகர் சஞ்சய் தத் கைது செய்யப்பட்டார். பம்பாய் குண்டுவெடிப்புகளுக்கு முன் நாட்டுக்குள் கடத்திவரப்பட்ட ஆயுதங்களிலிருந்து ஏ.கே. 56 வகைத் துப்பாக்கி ஒன்றைப் பெற்று வைத்திருந்தார் என்பது வழக்கு. இரு வழக்குகளும் தடா சட்டத்தின் கீழ் பதிவாயின.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு என்ன சொன்னது? அறிவிக்கப்பட்ட பகுதியில், குறிப்பிட்ட வகை ஆயுதங்களை அனுமதியின்றி வைத்திருந்தாலே போதும், ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்தண்டனை வரை நீளலாம் என்றது. சட்டத்தின் எழுத்தில் நடிகர் என்றும் உழவர் என்றும் வேறுபாடில்லை. நடைமுறையைப் பாருங்கள். நடிகருக்கு 1995 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது. 2006-இல் தடா குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஆயுதச் சட்டத்தின் கீழ் மட்டும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2013-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, தண்டனையை ஐந்தாண்டாகக் குறைத்தது. 2016 பிப்ரவரியில், தண்டனைக் குறைப்புச் சலுகைகளோடு, அவர் வெளியே வந்தார்.

நாம் அவருக்குப் பிணை கொடுத்ததைக் குறை கூறவில்லை. பிணை என்பது உரிமை; தடா ஒரு கொடுஞ்சட்டம். அதே உரிமை மைசூர் சிறையில் இருந்தவர்களுக்கு ஏன் எட்டவில்லை என்பதே கேள்வி. இந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிடிக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தனர். தடா சட்டம் 1995 மே மாதத்தில் காலாவதியானது. அவர்கள் மீதான தடா வழக்கு காலாவதியாகவில்லை. 2001-இல் மைசூர் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலை செய்யப்பட்டனர். எட்டு ஆண்டுகள் கழித்து நிரபராதி என்று சொல்லப்பட்ட மனிதருக்கு, அந்த எட்டு ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

இதற்கிடையே நடந்த ஒரு நிகழ்வு அரசின் மனசாட்சியை வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டார். கடத்தியவன் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று மைசூர் சிறையில் இருந்தோரின் விடுதலை. உடனே கர்நாடக அரசு 51 பேர் மீதான தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற முன்வந்தது. கொல்லப்பட்ட காவல் அதிகாரி ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றம் சென்றார். 2000 நவம்பரில் அந்த முயற்சி தடுக்கப்பட்டது. மகனைப் பறிகொடுத்த அந்தத் தந்தையின் துயரம் நியாயமானது. ஆனால் அரசை நோக்கி நாம் கேட்க வேண்டியது வேறு. அந்த 51 பேர் மீதும் தடா வழக்குத் தேவையானது என்றால், அதை எப்படித் திரும்பப் பெற முன்வந்தீர்கள்? தேவையற்றது என்றால், ஏழாண்டுகள் அவர்களை ஏன் அடைத்து வைத்தீர்கள்? மலைவாழ் ஏழையின் விடுதலை அவனது குற்றமின்மையைப் பொறுத்து அமையவில்லை. ஒரு நட்சத்திரத்தின் உயிருக்கு என்ன விலை என்பதைப் பொறுத்தே பேரம் பேசப்பட்டது.

பரிசும் இழப்பீடும்

அதிரடிப்படைகளின் மீதான முறையீடுகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் ஒரு குழுவை அமைத்தது. கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஜே. சதாசிவா தலைவர், மத்திய புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மன் உறுப்பினர். இந்தக் குழுவின் முன்பு மலைக்கிராம மக்கள் வந்து சாட்சி சொன்னார்கள். உடலில் மின்சாரம் பாய்ச்சியதைச் சொன்னார்கள். கட்டித் தொங்கவிட்டு அடித்ததைச் சொன்னார்கள். பெண்கள் தங்கள் மீது நிகழ்த்தப்பட்ட பாலியல் வன்முறையைச் சொன்னார்கள். அழைத்துச் செல்லப்பட்ட கணவன் பிறகு 'மோதலில்' இறந்ததாக அறிவிக்கப்பட்டதைச் சொன்னார்கள். சீருடைக்கு அஞ்சியே வாழப் பழகிய மக்கள், சீருடையின் மீது சாட்சி சொல்ல நடந்து வந்தது சிறிய செயலன்று. சோளகர்கள் பட்ட பாட்டை வழக்கறிஞர் ச. பாலமுருகன் தம் 'சோளகர் தொட்டி' நாவலில் பதிவு செய்தார். அதைப் படிக்காத தோழர்கள் படிக்க வேண்டும்.

குழுவின் அறிக்கை 2003 இறுதியில் ஆணையத்திடம் அளிக்கப்பட்டது. 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். உடனே தமிழ்நாடு அரசு அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாய், ஒரு வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு என அறிவித்தது. யார் முகாமில் என்ன செய்தார், யார் மீது முறையீடு இருக்கிறது என்ற பாகுபாடு அதில் இல்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை ஏறத்தாழ ஓராண்டாகக் கையில் இருக்கும்போதே, குற்றம் சாட்டப்பட்ட படைக்கு மொத்தமாகப் பரிசு வழங்கப்பட்டது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு? 2007 ஜனவரியில்தான் மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய். படையினர் ஒருவருக்குக் கிடைத்த பரிசும், சித்திரவதைக்கு ஆளான ஒருவருக்குக் கிடைத்த இழப்பீடும் ஏறத்தாழ ஒரே தொகை. ஒரு வேறுபாடு உண்டு. பரிசோடு மனையும் பதவியும் வந்தன, அதுவும் உடனடியாக. இழப்பீடோ பதினான்கு ஆண்டுகள் கழித்து, தனியாக வந்தது. அதனுடன் வந்திருக்க வேண்டிய குற்றப்பத்திரிகைகள் வரவில்லை. அரசு பணம் கொடுக்கிறது என்றால் தவறு நடந்ததை ஒப்புக்கொள்கிறது என்று பொருள். தவறு நடந்தது என்றால் தவறு செய்தவர் இருந்தாக வேண்டும். அவர் எங்கே?

கர்நாடக அதிரடிப்படைக்குத் தலைமை வகித்த சங்கர் பிதரி 2011-இல் அம்மாநிலக் காவல்துறைத் தலைமைப் பொறுப்பில் நியமிக்கப்பட்டார். தம் மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். 2012 மார்ச் மாதத்தில் நிர்வாகத் தீர்ப்பாயம் அந்த நியமனத்தை ரத்துச் செய்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சதாசிவா குழுவின் அறிக்கை நியமனத்தின்போது கருத்தில் கொள்ளப்படவில்லை என்பது அந்த வழக்கில் முக்கியக் கேள்வியாக இருந்தது. ஒன்றைக் கவனியுங்கள். மலை மக்களின் சாட்சியம் இவ்வளவு உயரத்தில் உள்ள நீதிமன்றத்தில் எடைபோடப்பட்டது, பதவிப் போட்டி ஒன்று வழக்காக வந்தபோதுதான். பாதிக்கப்பட்ட பெண்ணின் முறையீடு அந்த உயரத்தைத் தானாக எட்டவில்லை.

யார் துப்பாக்கி வைத்திருக்கலாம்?

இந்த இரட்டை அளவுகோல் நேற்றுப் பிறந்ததன்று. 1857 எழுச்சிக்குப் பிறகு வெள்ளை அரசு இந்திய மக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைந்தது. லிட்டன் ஆட்சியில் வந்த 1878 ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. விடுதலைப் போராட்டம் எதிர்த்த சட்டங்களில் இதுவும் ஒன்று. இன்றைய சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது.

இங்கிருந்து மேற்கே அதே கர்நாடகத்தின் குடகுக்குச் செல்வோம். 1861-இல் ஆங்கில நிர்வாகம் குடகர்களுக்கு ஆயுதக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளித்தது. காரணம், ஆட்சிக்குக் காட்டிய விசுவாசம். அந்த விலக்கு இன்றும் தொடர்கிறது. குடகு இனத்தவருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து அளிக்கப்பட்ட விலக்கை ஒன்றிய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. குடகு உழவர்கள் மீது நமக்குப் பகை இல்லை. அவர்களது மரபு அவர்களுக்கு இருக்கட்டும். நாம் கேட்பது இதுதான்: ஒரே மாநிலத்தில், காட்டோரத்தில், ஒருவருக்குப் பிறப்பே உரிமமாகவும், மற்றொருவருக்கு வாய்முனையில் மருந்து கிட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியே குற்றமாகவும் இருப்பது எந்த நீதி? நம்பிக்கைக்குரிய குடிமகன் யார் என்பதை 1861-இல் வெள்ளைக்காரன் போட்ட பட்டியல் இன்றும் தீர்மானிக்கிறது.

காட்டுப்பன்றி ராகியை அழிக்கிறது. யானை இரவில் இறங்குகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெறச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்து, பட்டா காட்டி, நன்னடத்தைச் சான்று பெற்று உரிமம் வாங்குவது, பட்டாவே இல்லாத சோளகருக்கு இயலும் காரியமா? 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை, ஒன்று முதல் மூன்றாண்டு என்பதிலிருந்து இரண்டு முதல் ஐந்தாண்டு என உயர்ந்தது. எல்லாரும் வரம்பின்றித் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்பது நம் நிலைபாடன்று. ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கி என்ற அமெரிக்க வழியின் விலையைப் பள்ளிக் குழந்தைகளின் பிணங்கள் சொல்லுகின்றன. கட்டுப்பாடு தேவை. கட்டுப்பாடு எல்லாத் துப்பாக்கிக்கும் தேவை என்பதே நம் வாதம்.

அரசின் துப்பாக்கிக்கு என்ன கட்டுப்பாடு?

ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, கடமையில் உள்ள அரசு ஊழியரின் ஆயுதத்தை அச்சட்டத்திலிருந்து விலக்குகிறது. அது இயல்பானதே. அப்படியானால் அந்தத் துப்பாக்கிக்கு வேறு எங்கே கணக்கு? குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் போனால், 197-ஆம் பிரிவு வாயிலில் நிற்கிறது. கடமையின்போது செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது நீதிமன்றம் வழக்கை ஏற்க வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும். அந்தப் பிரிவிலும் ஒரு படிநிலை உண்டு. அரசின் ஒப்புதலின்றிப் பதவி நீக்க முடியாத உயர் அதிகாரிகளுக்கே அந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடைக்கிறது. கீழ்நிலைக் காவலருக்கு மாநில அரசு தனி அறிவிக்கை வெளியிட்டால்தான் உண்டு. கர்நாடகத்தில் 1963 காவல் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, முன் அனுமதியோடு காலவரம்பையும் சேர்க்கிறது. 1993-இல் அடிபட்டு, 2000-இல்தான் வாய் திறக்கத் துணிந்த மலைப்பெண்ணுக்கு அந்தக் காலவரம்பு என்ன பொருள் தரும் என்று எண்ணிப் பாருங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 218-ஆம் பிரிவு, 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி அளித்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. அனுமதி என்ற தடை நீங்கவில்லை. தாமதம் என்ற தடை சற்றுத் தளர்ந்திருக்கிறது. அதை நாம் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விதியையும் தோழர்கள் மனத்தில் இருத்த வேண்டும். கைது செய்யும்போது, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்குச் சாவை விளைவிக்கும் உரிமை காவல்துறைக்குக் கிடையாது. பழைய சட்டத்தில் 46-ஆம் பிரிவு, புதியதில் 43. மான் வேட்டைக்கு மரண தண்டனை கிடையாது. மரம் வெட்டியதற்கும் கிடையாது. தற்காப்பு என்று சொன்னால், எந்த ஆபத்து நேர்ந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டும்.

இந்த மலையின் அடிவாரத்துக்கே வருவோம். 2023 பிப்ரவரி 14 இரவு, பாலாற்றுப் பகுதியில் பரிசலில் சென்ற சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் மீது கர்நாடக வனத்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். கோவிந்தப்பாடியைச் சேர்ந்த ஒருவரைக் காணவில்லை. மூன்று நாள் கழித்து அவரது உடல் ஆற்றில் கிடைத்தது. அவர்கள் மான் வேட்டையாடினார்கள், நாட்டுத் துப்பாக்கியால் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது வனத்துறை. மீன் பிடிக்கச் சென்றவர்கள் என்றனர் ஊர் மக்கள். எது உண்மை என்பதை நாம் இங்கிருந்து தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. தீர்ப்பளிக்கத்தான் விசாரணை இருக்கிறது. சுட்டவரே சாட்சி, சுட்டவரின் துறையே முதல் செய்தியாளர் என்ற நிலையில் எந்த உண்மையும் வெளிவராது என்பதே நம் கவலை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றபோதும் இதே கதைதான். அவர்கள் கோடரியோடும் கல்லோடும் தாக்கினார்கள் என்றே சொல்லப்பட்டது.

கட்சி ஆவணங்களை மொழிபெயர்க்கும் பணியில் இருப்பதால், ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 'என்கவுண்டர்' என்பதை நாம் 'மோதல்' என்று எழுதி வருகிறோம். மோதல் என்றால் இரு தரப்பு வேண்டும். இரு தரப்பிலும் வலிமை வேண்டும். ஒரு தரப்பில் மட்டுமே பிணம் விழுந்த நிகழ்வை மோதல் என்று எழுதினால், விசாரணைக்கு முன்பே காவல்துறையின் வாதத்தை நாமே ஏற்றுக்கொள்கிறோம். நம் ஏடுகளிலாவது 'காவல்துறை சுட்டதில் இறந்தார்' என்று நேராக எழுதுவோம். யார் சுட்டார் என்பது வாக்கியத்தில் இருந்தால்தான், ஏன் சுட்டார் என்ற கேள்வி எழும்.

விதி இருக்கிறது, செயல் இல்லை

2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில், நீதிபதிகள் லோதா, நாரிமன் அமர்வு 16 நெறிமுறைகளை வகுத்தது. காவல்துறை சுட்டு ஒருவர் இறந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். வேறு காவல் நிலையத்தினரோ குற்றப் புலனாய்வுத் துறையோ மேலதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடைபெற வேண்டும். சுட்ட ஆயுதத்தைத் தடய அறிவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். வீரம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படும் முன் பதக்கமோ அவசரப் பதவி உயர்வோ தரக்கூடாது. 2004-இல் நடந்த மொத்தப் பரிசளிப்பை இந்தக் கடைசி நெறிமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆயுதக் கிடங்கில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவேடு உண்டு. 1919-இல் ஜாலியன்வாலாபாக்கில் சுடப்பட்டவை 1650 சுற்றுகள் என்று இன்றும் நாம் சொல்ல முடிகிறது. அந்த எண்ணிக்கையை டயர் ஹண்டர் குழுவின் முன் சொல்ல வேண்டியிருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பின், 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்கள் 13 பேர் கொல்லப்பட்டனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பதிவேட்டில் தோட்டாவின் கணக்கு நேராகிவிடுகிறது. உயிரின் கணக்குத்தான் நேராவதில்லை.

வாச்சாத்தி காட்டிய வழி

இது மாறாது என்று சோர்வோருக்கு வாச்சாத்தியே விடை. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைக்கிராமத்துக்குள், சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி, வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த் துறையினரும் புகுந்தனர். அதே காலம், அதே சந்தனம், அதே அரச வன்முறை. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அன்றைய அரசு. மலைவாழ் மக்கள் சங்கம் களத்தில் நின்றது; தோழர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். வழக்கு மத்திய புலனாய்வுத் துறையிடம் மாறியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே செப்டம்பர் 29 அன்று, 2023-இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

வாச்சாத்திக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் என்ன வேறுபாடு? கொடுமையில் வேறுபாடில்லை. வாச்சாத்தியில் ஓர் அமைப்பு இருந்தது. சாட்சிகள் கலைந்துபோகாமல், பணத்துக்கும் மிரட்டலுக்கும் பணியாமல், முப்பது ஆண்டுகள் கைகோத்து நின்றார்கள். இங்கே மக்கள் இரு மாநிலங்களாகப் பிரிந்திருந்தார்கள். தமிழ் பேசுவோர் கன்னட அலுவலகத்தில் முறையிட வேண்டியிருந்தது. ஒரு அரசு மற்ற அரசைக் காட்டித் தப்பித்தது. இழப்பீடு கிடைத்தது, தண்டனை கிடைக்கவில்லை. ஆகவே நம் பணி எங்கே இருக்கிறது என்பது தெளிவு.

காவலரும் உழைப்பாளியே

ஒரு தோழர் கேட்கலாம்: காட்டில் உயிரைப் பணயம் வைக்கும் காவலரும் வனக்காப்பாளரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாமே? ஆம். பாலாற்றில் மாண்டவர்களும் அவர்களே. ஓய்வின்றி, சங்கம் வைக்கும் உரிமையின்றி, மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டியவர்கள். விசாரணை வரும்போது உத்தரவு இட்டவர் கோப்புகளுக்குப் பின்னால் மறைகிறார். சுட்டவர் தனித்து நிற்கிறார். சட்டத்தின் பாதுகாப்புங்கூட மேலே இருப்பவருக்கே முதலில் கிடைக்கிறது என்று பார்த்தோம். பொறுப்புக்கூறல் என்று நாம் கேட்பது கடைநிலைக் காவலரைப் பலிகொடுக்க அன்று. எழுத்துமூல உத்தரவு, உத்தரவிட்டவரின் பெயர், சுட்டதற்கான காரணம் ஆகிய மூன்றும் பதிவானால், தவறான உத்தரவை மறுக்கும் துணிவு காவலருக்கும் வரும்.

அரசு என்பது வானத்தில் இருந்து இறங்கிய நடுவர் அன்று. ஆயுதப் படைகளையும் சிறைகளையும் கொண்டு ஒரு வர்க்கத்தின் ஆட்சியைக் காக்கும் அமைப்பு என்று ஏங்கெல்ஸ் விளக்கியதை, 1917-இல் 'அரசும் புரட்சியும்' நூலில் லெனின் விரித்துரைத்தார். அதனால் சட்டப் போராட்டம் வீண் என்று முடிவு கட்டக் கூடாது. அந்த அமைப்பு தானே எழுதிவைத்த விதியைக் கூடப் பின்பற்றவில்லை என்பதை மக்கள் கண்முன் நிறுவும்போதுதான், அதன் இயல்பை மக்கள் அறிகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

எல்லையின் இரு பக்கத்துக் கிளைகளும் இணைந்து செய்யத்தக்க பணிகள் சிலவற்றை முன்வைக்கிறேன். ஒன்று, அதிரடிப்படைக் காலத்தில் பாதிக்கப்பட்டோரின் பட்டியலை ஊர்வாரியாக, இரு மொழியிலும் தயாரிக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு இழப்பீடு சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று சரிபார்க்க வேண்டும். சாட்சிகள் முதுமை எய்திவிட்டார்கள். இந்தப் பணி காத்திருக்காது. இரண்டு, இப்பகுதியில் காவல்துறையோ வனத்துறையோ சுட்டு ஒருவர் இறந்தால், 2014 நெறிமுறைகளின் நகலோடு மறுநாளே காவல் நிலையத்துக்கும் நடுவருக்கும் மனு அளிக்க வேண்டும். மூன்று, வனத்துறையின் துப்பாக்கிக்கும் அதே நெறிமுறைகள் பொருந்தும் என்று இரு மாநில அரசுகளும் ஆணை வெளியிடக் கோர வேண்டும். நான்கு, தமிழ்நாட்டில் 2013 காவல் சீர்திருத்தச் சட்டம் மாநிலப் புகார் ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலாளரிடமே ஒப்படைத்திருக்கிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னவாறு, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் சுதந்திரமான ஆணையம் வேண்டும். ஐந்து, பட்டா இல்லாத மலைவாழ் உழவருக்கு வன உரிமைச் சட்டத்தின்படி நில உரிமை பெற்றுத் தர வேண்டும். உரிமை உள்ள மனிதரைச் சந்தேகத்தின் பேரில் இழுத்துச் செல்வது எளிதன்று.

தோழர்களே, ஏழையின் வீட்டுக் கூரையில் ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது, எதற்கு வைத்திருந்தாய், யாரைச் சுட்டாய் என்று அரசு கேட்கிறது. நல்ல கேள்விகள். அதே மூன்று கேள்விகளை அரசின் துப்பாக்கியிடமும் கேட்போம். விடை வரும் வரை கேட்போம்.